கோவிட்-19 காலக் குற்ற அச்சமும் வெளிநாட்டவரும்

கோவிட்-19 காலக் குற்ற அச்சம் என்பது, 2020ஆம் ஆண்டில் பரவிய கொரோனா பெருந்தொற்றாலும் அதன்பொருட்டு விதிக்கப்பட்ட ஊரடங்காலும் வருவாய் இழந்த மக்களிடையே களவு, வழிப்பறி, கொள்ளை முதலியன பெருகிவிடும் என்று எழுந்த கவலையைக் குறிக்கும். தம் சொந்த நாட்டை விட்டு வேறொரு நாட்டில் வாழ்வோருக்கு இக்கவலை கூடுதலாக இருப்பது இயல்பு. உறவினர் அருகில் இல்லாமை, உள்ளூர் மொழியில் தேர்ச்சியின்மை, சுற்றியுள்ளோரை விடத் தாம் செல்வர் என்று கருதப்படுதல் ஆகியன இதற்குக் காரணங்களாம். இந்தியாவில் புதுச்சேரியும் அதனைச் சூழ்ந்த ஊர்களும் வெளிநாட்டவர் நிலையாக வாழும் பகுதிகளுள் ஒன்றாதலால், இக்கட்டுரை அப்பகுதியை முதன்மையாகக் கொண்டு இப்பொருளை விளக்குகிறது.

2020ஆம் ஆண்டில் இந்தியாவில் பதிவான குற்றங்களின் மொத்த எண்ணிக்கை பெரிதும் உயர்ந்தது உண்மையே. ஆயினும் அந்த உயர்வு மக்கள் அஞ்சிய வகைக் குற்றங்களால் ஏற்பட்டதன்று. இதனை அறியாது மொத்த எண்ணிக்கையை மட்டும் காண்போர் தவறான முடிவுக்கு வர வாய்ப்புண்டு.

கோட்பாட்டுப் பின்னணி

வறுமை மிகுந்தால் களவு மிகும் என்பது பழைய நம்பிக்கை. பொருளியலாளர் கேரி பெக்கர் 1968இல் வெளியிட்ட ஆய்வில், குற்றத்தால் கிடைக்கும் ஆதாயத்தையும் பிடிபட்டால் நேரும் தண்டனையையும் ஒப்பிட்டே ஒருவர் குற்றத்தில் இறங்குகிறார் என்று வாதிட்டார். நேர்மையான வழியில் வரும் வருவாய் நின்றுபோனால் தராசு மறுபக்கம் சாயும் என்பது இதிலிருந்து பெறப்படும்.

இதற்கு மாறான முடிவைத் தருவது, லாரன்ஸ் கோகன், மார்க்கஸ் ஃபெல்சன் ஆகியோர் 1979இல் முன்வைத்த வழமைச் செயற்பாட்டுக் கோட்பாடு ஆகும். குற்றம் செய்ய முனைபவர், அதற்கேற்ற இலக்கு, காப்பவர் இல்லாத சூழல் ஆகிய மூன்றும் ஓரிடத்தில் ஒரே நேரத்தில் கூடினாலன்றிக் குற்றம் நிகழாது என்பது இவர்தம் கருத்து. ஊரடங்கில் எல்லோரும் வீட்டிலேயே இருந்தனர். ஆகவே வீடுகளுக்குக் காவல் இருந்தது. தெருவில் நடப்பார் இல்லை. ஆகவே சங்கிலி பறிக்கவும் ஆளில்லை. பசி மிகுந்த நாள்களிலேயே களவு குறைந்தது எவ்வாறு என்பதை இக்கோட்பாடு ஓரளவு விளக்குகிறது.

குற்ற அச்சம் என்பது குற்றத்தினின்றும் வேறான ஒன்றாகக் குற்றவியலில் ஆராயப்படுகிறது. குற்றத்துக்கு உள்ளாகும் வாய்ப்புக் குறைந்தவர்களே, குறிப்பாக முதியோர், மிகுதியாக அஞ்சுவதைப் பல நாட்டு ஆய்வுகள் காட்டியுள்ளன.

1918ஆம் ஆண்டு முன்னிகழ்வு

இந்த அச்சம் முற்றிலும் அடிப்படையற்றது என்றும் சொல்வதற்கில்லை. முதல் உலகப் போரின் இறுதியில் சென்னை மாகாணத்தில் அரிசி, துணி, மண்ணெண்ணெய் ஆகியவற்றின் விலை கடுமையாக உயர்ந்தது. 1918 செப்டம்பரில் சென்னை நகரிலும் மாகாணத்தின் பிற ஊர்களிலும் கடைகளும் தானியக் கிடங்குகளும் சூறையாடப்பட்டன. இன்புளுவென்சா கொள்ளைநோயின் இரண்டாம் அலை இந்தியாவைத் தாக்கிய காலமும் ஏறத்தாழ இதுவே. எனினும் அச்சூறைக்குக் காரணமாகக் கூறப்படுவது நோயன்று. விலையேற்றமும், வணிகர் தானியத்தைப் பதுக்குகின்றனர் என்னும் சினமுமே ஆகும். கூட்டத்தினர் தானியத்தைக் கைப்பற்றியதோடு, பழைய விலைக்கே விற்குமாறு கடைக்காரரை வற்புறுத்திய இடங்களும் உண்டு.

2020இல் அத்தகைய நிலை வராததற்கு அரிசி கையிருப்பு ஒரு காரணம் என்று கருத இடமுண்டு. நடுவண் அரசு 2020 ஏப்ரல் முதல் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வருவோருக்கு ஆளுக்கு மாதம் 5 கிலோ தானியம் விலையின்றி வழங்கியது. தமிழ்நாட்டில் அரிசி குடும்ப அட்டைதாரர்களுக்கு 1000 ரூபாயும், புதுச்சேரியில் குடும்பத்துக்கு 2000 ரூபாயும் உதவித்தொகையாக அறிவிக்கப்பட்டன. இவை இழந்த கூலிக்கு ஈடாகா. ஆனால் அடுப்பு எரிவதற்கும் எரியாமைக்கும் இடையே உள்ள வேறுபாடு சில கிலோ அரிசிதான்.

புதுச்சேரிப் பகுதி

*வாழ்வோர்*

புதுச்சேரியில் வாழும் வெளிநாட்டவர் ஒரே வகையினர் அல்லர். பிரெஞ்சு ஆட்சிப்பகுதிகளை இந்தியாவிடம் ஒப்படைக்கும் உடன்படிக்கை 1956 மே 28இல் கையெழுத்தாகி, 1962 ஆகஸ்ட் 16இல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி விரும்பியோர் ஆறு மாதத்துக்குள் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தெரிவு செய்துகொள்ளலாம். சுமார் ஐயாயிரம் பேர் அவ்வாறு செய்தனர். அவர்தம் வழியினரும், பிரெஞ்சுப் படையில் பணியாற்றி ஓய்வூதியம் பெறும் 'சொல்தா' குடும்பத்தினரும் இன்றும் இங்கு வாழ்கின்றனர். இவர்கள் தமிழர், ஆயினும் சட்டப்படி வெளிநாட்டவர். அயலாரின் பேச்சும் பழக்கமும் இவர்களுக்குப் புதியன அல்ல. ஆனால் மாதந்தோறும் ஐரோப்பிய நாணயத்தில் ஓய்வூதியம் வருவது ஊரறிந்த செய்தி.

இரண்டாம் வகையினர் ஆரோவில்லில் வாழ்வோர். 1968 பிப்ரவரி 28இல் தொடங்கப்பட்ட இக்குடியிருப்பில் ஏறத்தாழ 60 நாடுகளைச் சேர்ந்த மூவாயிரத்துக்கு மேற்பட்டோர் வாழ்கின்றனர். அவர்களுள் ஏறத்தாழப் பாதிப்பேர் இந்தியர். வீடுகள் மரங்களுக்கிடையே ஒன்றுக்கொன்று தள்ளி அமைந்தவை. சூழ்ந்துள்ள சிற்றூர்களின் மக்கள் பலருக்கு அங்குள்ள பணிமனைகளிலும் வீடுகளிலும் வேலை. ஊரடங்கில் முதலாளியும் தொழிலாளியும் ஒரே நேரத்தில் வருவாய் இழந்தனர் எனினும், இழப்பின் அளவு ஒன்றன்று.

மூன்றாம் வகையினர் ஆய்வாளர், மாணவர், நீண்டகாலச் சுற்றுலாவினர் ஆவர். 1955இல் நிறுவப்பட்ட பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், அரவிந்தர் ஆசிரமம் ஆகியவற்றை நாடி வருவோர் இவர்களுள் அடங்குவர். 2020 மார்ச்சில் பன்னாட்டு வானூர்திச் சேவை நிறுத்தப்பட்டபோது நாடு திரும்ப இயலாமல் தங்கிவிட்டவர்களின் நுழைவுரிமைக் காலத்தை நடுவண் உள்துறை அமைச்சகம் பலமுறை நீட்டித்தது.

எதிர்த்திசையிலும் ஒரு கவலை உண்டு. பிரான்சிலும் வளைகுடா நாடுகளிலும் சிங்கப்பூரிலும் வாழும் இவ்வூர்க்காரர் பலருக்கு ஊரில் பூட்டிய வீடோ, தனியே வாழும் முதிய பெற்றோரோ உள்ளனர். விமானம் இல்லாத மாதங்களில் அவர்களால் எதுவும் நேரில் வந்து பார்க்க இயலவில்லை. குற்ற அச்சம் பற்றிப் பேசும்போது இவர்கள் பெரும்பாலும் மறக்கப்பட்டு விடுகின்றனர்.

*எல்லை*

புதுச்சேரி மாவட்டம் ஒரே தொடர்ந்த நிலப்பரப்பு அன்று. வில்லியனூர், பாகூர், மண்ணாடிப்பட்டு, நெட்டப்பாக்கம், அரியாங்குப்பம் ஆகிய கொம்யூன் பஞ்சாயத்துகளின் ஊர்கள், தமிழ்நாட்டின் விழுப்புரம், கடலூர் மாவட்ட ஊர்களோடு பின்னிக் கிடக்கின்றன. கடலூர் சாலையில் மருத்துவக் கல்லூரி அமைந்துள்ள பிள்ளையார்குப்பத்திலிருந்து சற்றுத் தெற்கே சென்றால் முள்ளோடையில் மாநில எல்லை வந்துவிடும். சந்தைக்கும் கூலி வேலைக்கும் மருத்துவத்துக்கும் நாள்தோறும் எல்லை தாண்டுவது இங்குள்ளோர் வழக்கம். தாண்டுகிறோம் என்ற எண்ணமே பலருக்கு எழுவதில்லை.

2020 மார்ச் 25 முதல் இந்த எல்லை உண்மையான எல்லையாயிற்று. சாலைகளில் தடுப்புகள் வைக்கப்பட்டு, வாகனங்கள் திருப்பி அனுப்பப்பட்டன. மே மாதத்தில் கோயம்பேடு சந்தையிலிருந்து ஊர் திரும்பியோர் வழியாகக் கடலூர், விழுப்புரம் மாவட்டங்களில் தொற்று பெருகியபோது கெடுபிடி மேலும் கூடியது. மதுவும் ஓர் எல்லைச் சிக்கலாயிற்று. தமிழ்நாட்டில் மே 7இல் திறக்கப்பட்ட மதுக்கடைகள் உயர் நீதிமன்ற ஆணையால் மூடப்பட்டு, உச்ச நீதிமன்றத்தின் இடைக்காலத் தடைக்குப் பின் மே 16இல் மீண்டும் திறந்தன. புதுச்சேரியில் மே 25இல் சிறப்பு வரியுடன் திறந்தன. இடைப்பட்ட காலத்தில் கள்ளத்தனமான மது விற்பனை தொடர்பாகக் கடைகளின் உரிமங்கள் நிறுத்திவைக்கப்பட்டன.

வெளிநாட்டவருக்கு இந்த எல்லை வேறொரு குழப்பத்தையும் தருகிறது. புதுச்சேரி என்று பொதுவாக அறியப்படும் ஆரோவில்லின் பெரும்பகுதி தமிழ்நாட்டின் வானூர் வட்டத்தில் உள்ளது. எனவே அங்கு நிகழும் களவு விழுப்புரம் மாவட்டக் காவல் துறைக்கு உரியது. புதுச்சேரி நகரில் நிகழ்வது ஒன்றியப் பகுதிக் காவல் துறைக்கு உரியது. எங்கு முறையிடுவது என்று அறியாமை அச்சத்தை மிகுவிக்கும். 112 என்னும் அவசர எண் இரண்டு இடங்களிலும் செயற்படுகிறது.

பொருளாதார நிலை

2020 ஏப்ரல்–ஜூன் காலாண்டில் இந்தியாவின் மொத்த உள்நாட்டு உற்பத்தி, முந்தைய ஆண்டின் அதே காலத்தை விட 23.9 விழுக்காடு சுருங்கியதாக முதல் மதிப்பீடு கூறியது. சுற்றுலாவைச் சார்ந்த புதுச்சேரிக்கு இது இரட்டை அடி. விடுதி, உணவகம், தானி, கைவினை விற்பனை ஆகியன ஒருசேர நின்றன. வெளிநாடுகளிலிருந்து தொழிலாளர் அனுப்பும் பணம் இந்தியாவில் 23 விழுக்காடு குறையும் என 2020 ஏப்ரலில் உலக வங்கி எதிர்பார்த்தது. ஆனால் ஆண்டு முடிவில் அது 0.2 விழுக்காடே குறைந்து, சுமார் 8300 கோடி அமெரிக்க டாலராக இருந்தது. அச்சத்துக்கும் நிகழ்ந்ததற்கும் இடையே உள்ள தொலைவுக்கு இது குற்றத் துறைக்கு வெளியே ஓர் எடுத்துக்காட்டு.

பதிவான குற்றங்கள்

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைப்படி, இந்தியாவில் 2019இல் 51,56,158 ஆக இருந்த குற்ற வழக்குகள் 2020இல் 66,01,285 ஆயின. இது 28 விழுக்காடு உயர்வு. செய்தித் தலைப்புகளில் இந்த விழுக்காடே பெரிதாக இடம்பெற்றது.

உயர்வின் உள்ளே நோக்கினால் வேறொரு படம் தெரியும். அரசு ஊழியர் முறைப்படி பிறப்பித்த ஆணையை மீறுதல் என்னும் குற்றத்துக்கான இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 188ஆம் பிரிவில், 2019இல் 29,469 வழக்குகளே பதிவாயின. 2020இல் இது 6,12,179 ஆயிற்று. இவற்றுள் பெரும்பாலானவை ஊரடங்கை மீறி வெளியே வந்தமை, கடை திறந்தமை போன்றவை. தமிழ்நாட்டில் இந்தியத் தண்டனைச் சட்ட வழக்குகள் ஏறத்தாழ 1.68 இலட்சத்திலிருந்து 8.9 இலட்சமாக, அதாவது ஐந்து மடங்குக்கு மேல் பெருகின. தமிழ்நாட்டு மக்கள் ஓராண்டில் ஐந்து மடங்கு கெட்டுப்போயினர் என்று எவரும் நம்பமாட்டார். ஆனால் அட்டவணை அப்படித்தான் சொல்கிறது. (188ஆம் பிரிவுக்கு ஈடாக 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்கிதையின் 223ஆம் பிரிவு நடைமுறையில் உள்ளது.)

அதே ஆண்டில் திருட்டு, கன்னக்களவு, வழிப்பறி, கொள்ளை ஆகியவற்றோடு பெண்கள், குழந்தைகள், முதியோர் ஆகியோருக்கு எதிரான குற்றங்களின் வழக்குகளும் சேர்ந்து சுமார் 2 இலட்சம் குறைந்ததாகக் காப்பகம் குறிப்பிட்டது. ஆள்கடத்தல் வழக்குகள் 1,05,036இலிருந்து 84,805 ஆகக் குறைந்தன. கொலை மட்டும் 28,915இலிருந்து 29,193 ஆகச் சற்றே உயர்ந்தது. உலக அளவிலும் போக்கு இதுவே. 23 நாடுகளின் 27 நகரங்களை ஆராய்ந்து 2021இல் வெளியான ஒரு பன்னாட்டு ஆய்வு, வீட்டிலிருக்கும் கட்டுப்பாட்டுக் காலத்தில் குற்றங்கள் மொத்தத்தில் 37 விழுக்காடு குறைந்தன எனக் கண்டது. திருட்டு 47 விழுக்காடும் கன்னக்களவு 28 விழுக்காடும் குறைந்தன.

ஊரடங்கு வழக்குகளின் சுமை ஏழைகள் மீதே மிகுதியாக விழுந்தது. அன்றாடக் கூலியை நாடுவோரால் வீட்டில் அடங்கியிருக்க முடியாது. தூத்துக்குடி மாவட்டம் சாத்தான்குளத்தில் 2020 ஜூன் 19 அன்று, ஊரடங்கு நேரத்துக்குப் பின் கடையைத் திறந்து வைத்திருந்ததாகக் கூறிக் கைது செய்யப்பட்ட தந்தையும் மகனும் காவலில் தாக்கப்பட்டுச் சில நாள்களில் உயிரிழந்தனர். 2021 பிப்ரவரியில், வன்முறை, போலி அனுமதிச்சீட்டு போன்றவை தவிர்த்து, சுமார் 10 இலட்சம் ஊரடங்கு வழக்குகள் கைவிடப்படும் எனத் தமிழ்நாடு அரசு அறிவித்தது. ஆகவே குற்றப் பெருக்கமாகக் காட்டப்பட்டவற்றுள் பெரும்பகுதி, வழக்கு நடத்தத் தகுதியற்றது என அரசாலேயே பின்னர் ஒதுக்கப்பட்டதாகும்.

வெளிநாட்டவருக்கு எதிரான குற்றங்கள்

வெளிநாட்டவர் பாதிக்கப்பட்ட வழக்குகளை மேற்கூறிய காப்பகம் தனியே தொகுக்கிறது. 2019இல் 409 ஆக இருந்த இவ்வழக்குகள் 2020இல் 191 ஆகவும், 2021இல் 150 ஆகவும் குறைந்தன.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை தேவை. அதே காலத்தில் இந்தியாவுக்கு வந்த வெளிநாட்டுச் சுற்றுலாவினரின் எண்ணிக்கை சுமார் 1.09 கோடியிலிருந்து 27 இலட்சமாக வீழ்ந்தது. அதாவது வருகை நான்கில் மூன்று பங்கு குறைந்தபோது வழக்குகள் பாதிக்குச் சற்று மேலாகவே குறைந்தன. எனவே ஆளுக்கு இவ்வளவு என்று கணக்கிட்டால் இடர் குறையவில்லை என்றும் வாதிடலாம். ஆனால் வழக்குகளில் சுற்றுலாவினரோடு நிலையாக வாழ்வோரும் அடங்குவர். அவர்களின் தொகை அவ்வாறு வீழவில்லை. ஆதலால் இந்த எண்களைக் கொண்டு அச்சம் மிகையானது என்றோ, சரியானது என்றோ அறுதியிட்டுக் கூறுதல் பொருந்தாது. பெருந்தொற்றின் வறுமை வெளிநாட்டவரைக் குறிவைத்த ஒரு குற்ற அலையாக மாறவில்லை என்ற அளவுக்கே இவை சான்றாகும்.

வெளிநாட்டவர் மீதான வழக்குகள்

அயலாரைக் கண்டு வெளிநாட்டவர் அஞ்சிய அதே நாள்களில், வெளிநாட்டவரைக் கண்டு அயலார் அஞ்சினர். நோய் வெளிநாட்டிலிருந்து வந்தது என்ற எண்ணத்தால் வீடு மறுக்கப்பட்டமையும், தெருவில் விலக்கப்பட்டமையும் நாட்டின் பல இடங்களிலிருந்து செய்திகளாயின.

இது சட்ட வடிவும் பெற்றது. 2020 மார்ச்சில் தில்லி நிசாமுதீனில் நடந்த தப்லீக் சமாஅத் கூட்டத்துடன் தொடர்புடைய பல நாட்டினர் மீது, நுழைவுரிமை விதிகளை மீறியதாகவும் நோய் பரப்பியதாகவும் பல மாநிலங்களில் வழக்குத் தொடரப்பட்டது. தமிழ்நாட்டில் சிறைவைக்கப்பட்டிருந்த 31 வெளிநாட்டவர் தொடர்பான வழக்கில், சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2020 ஜூனில் நடவடிக்கைகளை முடித்து அவர்கள் நாடு திரும்ப வழிசெய்தது. மும்பை உயர் நீதிமன்றத்தின் ஔரங்காபாத் கிளை 2020 ஆகஸ்டில் இத்தகைய வழக்குகளை நீக்கியதோடு, வெளிநாட்டவர் பலிகடா ஆக்கப்பட்டனர் என்னும் கருத்தையும் பதிவு செய்தது. தில்லி நீதிமன்றம் ஒன்று 2020 டிசம்பரில் 36 வெளிநாட்டவரை விடுவித்தது. 2020ஆம் ஆண்டுக் குற்ற அட்டவணையில் வெளிநாட்டவர் பாதிக்கப்பட்டோராக மட்டுமன்றிக் குற்றஞ்சாட்டப்பட்டோராகவும் இடம்பெற்றது இவ்வாறே.

இடம் மாறிய குற்றங்கள்

தெருவில் குறைந்த குற்றம் முற்றிலும் மறைந்துவிடவில்லை. ஒரு பகுதி வீட்டுக்குள் சென்றது. 2020இல் தேசிய மகளிர் ஆணையத்துக்கு வந்த முறையீடுகள் 23,722. அதற்கு முந்தைய ஆறு ஆண்டுகளில் இதுவே மிகுதி. ஆனால் அதே ஆண்டில் காவல் துறையில் பதிவான பெண்களுக்கெதிரான குற்றங்கள் 8.3 விழுக்காடு குறைந்து 3,71,503 ஆயின. துன்புறுத்துபவரோடு ஒரே கூரையின்கீழ் அடைபட்டவர் காவல் நிலையம் செல்ல வழியில்லை என்பதே இம்முரணுக்குப் பொருத்தமான விளக்கமாகத் தோன்றுகிறது.

மற்றொரு பகுதி கைப்பேசிக்குள் சென்றது. இணையக் குற்ற வழக்குகள் 2019இல் 44,735, 2020இல் 50,035, 2023இல் 86,420. வங்கி அலுவலர் போலப் பேசிக் கடவுச்சொல் கேட்டல், இல்லாத வேலைக்கு முன்பணம் பெறுதல், பிணைத்தொகை கேட்டு மிரட்டல் ஆகியன இவற்றுள் அடங்கும். மதில் சுவரை உயர்த்திக் கட்டியவருக்கும் இதிலிருந்து பாதுகாப்பில்லை. இத்தகைய பண மோசடியை முறையிட 1930 என்னும் தேசிய உதவி எண் உள்ளது.

தமிழர் வாழும் பிற நாடுகள்

சிங்கப்பூரின் புள்ளிவிவரம் இதனை இன்னும் தெளிவாகக் காட்டுகிறது. அங்குப் பதிவான குற்றங்கள் 2019இல் 35,115 ஆக இருந்து 2020இல் 37,409 ஆக உயர்ந்தன. ஆனால் மோசடிகள் மட்டும் 9,545இலிருந்து 15,756 ஆகப் பெருகியிருந்தன. மோசடிகளை நீக்கிவிட்டால் எஞ்சிய குற்றங்கள் 15.3 விழுக்காடு குறைந்தன.

தென்னாப்பிரிக்கா மாறான எடுத்துக்காட்டு. 2020 மார்ச் 27இல் தொடங்கிய கடும் ஊரடங்கில், மது விற்பனைத் தடையோடு சேர்ந்து, வன்முறைக் குற்றங்கள் அங்கும் வீழ்ந்தன. ஆனால் 2021 ஜூலையில், முன்னாள் குடியரசுத் தலைவர் ஜேக்கப் சூமா சிறைப்பட்டதை அடுத்துக் குவாசூலு-நட்டால், கௌட்டெங் மாகாணங்களில் கலவரம் மூண்டது. பெருந்தொற்றால் முற்றிய வேலையின்மையும் பசியும் அதற்கு எரிபொருளாயின. கடைகளும் கிடங்குகளும் சூறையாடப்பட்டன. 350க்கும் மேற்பட்டோர் இறந்தனர். தர்பன் அருகே, இனவொதுக்கல் அரசால் இந்தியருக்கென 1970களில் அமைக்கப்பட்ட பீனிக்ஸ் நகர்ப்பகுதியில், தமிழ், தெலுங்கு, இந்தி மரபினர் திரளாக வாழ்கின்றனர். (இவர்கள் தலைமுறைகளாக அந்நாட்டுக் குடிமக்கள், வெளிநாட்டவர் அல்லர்.) காவலர் வராத நிலையில் குடியிருப்போர் சிலர் ஆயுதமேந்திச் சாலைகளில் தடுப்பமைத்தனர். அங்கு மட்டும் 36 பேர் கொல்லப்பட்டனர். அவர்களுள் பெரும்பாலோர் கறுப்பினத்தவர். குற்றம் வரும் என்ற அச்சம் அங்குத் தானே குற்றமாக முடிந்தது.

புள்ளிவிவரங்களின் வரம்பு

மேற்காட்டிய எண்கள் யாவும் பதிவான வழக்குகளையே குறிப்பன. நிகழ்ந்து பதிவாகாதவை இவற்றில் இல்லை. ஊரடங்கில் காவல் நிலையம் செல்வது அரிது; காவலரும் சாலைத் தடுப்புகளில் நின்றிருந்தனர். மொழி அறியாமையாலும், நுழைவுரிமைக்கு இடையூறு வருமோ என்ற தயக்கத்தாலும் சிறு களவுகளை முறையிடாத வெளிநாட்டவரும் உளர். மேலும், அறிக்கைகள் மாநில அளவிலும் ஒன்றியப் பகுதி அளவிலும் தொகுக்கப்படுவதால், ஆரோவில்லில் நிகழ்ந்த ஒன்று தமிழ்நாட்டுக் கணக்கில் கரைந்துவிடும்.

கட்டுப்பாடுகள் தளர்ந்தபின் நாட்டின் மொத்த வழக்குகள் 2021இல் 60,96,310 ஆகக் குறைந்தன. ஊரடங்கு வழக்குகள் அருகியதே இதற்குக் காரணம். திருட்டு வழக்குகளோ மக்கள் மீண்டும் வெளியே நடமாடத் தொடங்கியதும் கூடின. வெளிநாட்டவருக்கு எதிரான வழக்குகள் 2022இல் 192 ஆகவும் 2023இல் 238 ஆகவும் பதிவாகியுள்ளன.